அலம் ஒன்றை வாசிப்பது எப்படி: உஸ்மானிய, பெக்தாஷி உலோகச் சின்னங்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

இஸ்லாமியக் கலைப்பொருள்கள் உள்ள பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்குள் சென்றால், கண்ணாடிப் பேழைக்குள் நிமிர்ந்து நிற்கும் இலை வடிவ உலோகத் தகடு ஒன்று உங்கள் கண்ணில் படக்கூடும். அடியில் கம்பைச் செருகும் குழல், அதன்மேல் உருண்டையான குமிழ், அதற்கும் மேலே ஊடறுத்து வெட்டிய எழுத்துகள், உச்சியில் பிறையோ விரித்த கையோ இரு நாக்குள்ள வாளோ இருக்கும். அதுதான் அலம். அதன் அருகில் வைக்கும் விளக்கச் சீட்டு பெரும்பாலும் ஒரு பெயரோடும் ஒரு நூற்றாண்டோடும் முடிந்துவிடும். அது யாருடையது, எதற்காகச் செய்யப்பட்டது என்று நீங்களாகவே படித்தறிய என்னென்ன வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அரபியில் 'அலம்' என்பதற்கு அடையாளம், கொடி என்று பொருள். துருக்கியில் அதே சொல் 'அலெம்' ஆகி, கொடிக்கம்பத்தின் உச்சியிலும் பள்ளிவாசல் கும்மட்டத்தின் உச்சியிலும் நிற்கும் உலோகச் சின்னத்தைக் குறிக்கிறது. தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அயலான பொருள் அல்ல. தஞ்சாவூர் வட்டாரத்தில் முஹர்ரம் நாளில் பட்டுத்துணியும் பூவும் சுற்றி எடுத்து வரும் 'பஞ்சா'வும், ஐதராபாத்தில் முஹர்ரம் துக்கம் கடைப்பிடிக்கும் கூடங்களான ஆஷூர்கானாக்களில் நிறுத்திவைக்கும் அலங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தலைப்பிலுள்ள பெக்தாஷி என்பது சூஃபி வழி, அதாவது தரீக்கா, ஒன்றின் பெயர். சூஃபிகள் கூடி வாழும் இடத்தைத் துருக்கியர் 'தெக்கே' என்கிறார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வழங்கும் 'தைக்கா' அதன் உடன்பிறப்பு என்பதால் இக்கட்டுரையில் தைக்கா என்றே எழுதுகிறேன்.

எதன் தலையில் இருந்தது?

உருவத்துக்கு முன்னால் அடிப்பகுதியைப் பாருங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் உச்சியிலிருந்து தொடங்குவார்கள். பிழையும் அங்கேயே தொடங்கும். அலம் தனியாக நிற்கும் பொருள் அன்று. வேறொன்றின் தலையில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்ட அதனைப் புரிந்துகொள்ளும் முதல் திறவுகோல், அது எதன் தலையில் இருந்தது என்ற கேள்விதான்.

அடியிலுள்ள குழல் கைப்பிடி அளவுக்கு ஒடுங்கியிருந்து, பக்கத்தில் ஆணி அடித்த சிறு துளையும் இருந்தால், அது மரக்கம்பில் செருகி மனிதன் தூக்கிச் சென்ற அலம். பெரும்பாலும் இவ்வகையின் உடல் தட்டையானது; முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டது. படையின் கொடியான 'சஞ்சக்'கின் உச்சியிலும், தைக்காவின் கொடியிலும், மெக்காவுக்குப் புறப்படும் யாத்திரைக் குழுவின் கொடியிலும் இருந்தவை இப்படிப்பட்டவை.

கும்மட்டத்தின் அலம் தட்டையாக இராது. நம் கோபுரக் கலசத்தைப் போல உள்ளீடற்ற உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த அமைப்பு அது. துருக்கியக் கைவினைஞர்கள் அதன் பகுதிகளைக் கீழிருந்து மேலாகச் சாடி, வளையல், பேரிக்காய், கழுத்து என்று வீட்டுப் பொருள்களின் பெயராலேயே அழைக்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே தோற்றம் தர வேண்டும் என்பதால் அதற்கு உருண்டை வடிவம் பொருந்துகிறது; எட்டத்திலிருந்தே பார்க்கப்படுவதால் நுண்ணிய எழுத்து வேலைக்கு அங்கே தேவையில்லை. மௌலவிய தரீக்காவின் கட்டடங்கள் சிலவற்றில் பிறைக்குப் பதிலாகத் தர்வேஷ்களின் உயரமான கம்பளித் தொப்பியின் வடிவத்தை உச்சியில் வைத்தார்கள்.

மூன்றாவது வகை 'தூக்'. குதிரை வால் மயிரைத் தொங்கவிட்ட கம்பு இது. உச்சியில் பொன்முலாம் பூசிய உருண்டை இருக்கும். வால்களின் எண்ணிக்கை பதவியைக் காட்டும். மாவட்ட ஆளுநரான சஞ்சக் பேக்கு ஒன்று, மாகாண ஆளுநருக்கு இரண்டு, அமைச்சரான வசீருக்கு மூன்று, சுல்தானுக்கு அதைவிட அதிகம். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து துருக்கியரோடு வந்த வழக்கம் இது. இன்று பல இடங்களில் மயிர் உதிர்ந்து உருண்டை மட்டும் எஞ்சி நிற்பதால், அதைக் கும்மட்ட அலம் என்று எண்ணிவிடாமல் பார்க்க வேண்டும்.

உலோகத்தைப் பாருங்கள்

உஸ்மானிய அலங்களில் மிகவும் பேசப்படுவது 'டோம்பாக்'. பாதரச முறையில் பொன்முலாம் பூசிய செம்பு என்பது அதன் பொருள். இச்சொல் செம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'தெம்பாகா'விலிருந்து வந்தது. அந்த மலாய்ச் சொல்லும் நம்முடைய 'தாமிர'மும் ஒரே வடமொழி வேரில் முளைத்தவை. கிழக்குக் கடல் வணிகத்தில் ஏறிய ஒரு சொல் இஸ்தான்புல்லின் பட்டறை வரை சென்று சேர்ந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

செய்முறை இதுதான். செம்புத் தகட்டைத் தட்டி உருவாக்கி, நகாசு வேலையை முடித்து, பரப்பை நன்றாகத் துலக்குவார்கள். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் போன்ற பசையாக்கி அதன்மேல் தடவுவார்கள். பிறகு நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும். மங்கலான பொன் படலம் செம்போடு ஒட்டி நிற்கும். அதைக் கடினமான கல்லால் தேய்த்து மெருகேற்றினால்தான் பளபளப்பு வரும். அந்த ஆவி நஞ்சு. இந்த வேலையில் வாழ்நாளைக் கழித்தவர்களின் உடல் எப்படி நலிந்திருக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டுதான் இந்தப் பொன்னொளியைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பேழைக்கு மிக அருகில் நின்று விளிம்புகளைப் பாருங்கள். டோம்பாக் என்றால், கை பட்டுத் தேய்ந்த குமிழின் வயிற்றிலும் வெட்டு விளிம்பின் முனையிலும் பொன் கழன்று, செம்பின் சிவப்பு எட்டிப் பார்க்கும். செதுக்கிய பள்ளங்களுக்குள் மட்டும் பொன் கெட்டியாக ஒளிந்திருக்கும். குழலின் வாயருகே ஈரம் தங்கிய இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். தேய்ந்த இடமும் மஞ்சளாகவே இருந்தால் அது பித்தளை. கருநீலச் சாயலுடன் சாம்பல் நிறமாக, இழை போன்ற நுண்மையான ஊடறுப்போடு இருந்தால் எஃகாக இருக்கலாம். எஃகை அப்படி வெட்டுவதில் சஃபவி கால ஈரானியக் கைவினைஞர்கள் தேர்ந்தவர்கள். எனவே எஃகு அலம் ஒன்றைக் கண்டால் உஸ்மானியப் பொருள் என்று முடிவு கட்டுமுன் ஈரானையும் எண்ணிப் பாருங்கள். 1514இல் சால்திரான் போரில் உஸ்மானிய சுல்தான் முதலாம் செலீம், ஈரானின் சஃபவி மன்னர் ஷா இஸ்மாயீலைத் தோற்கடித்துத் தப்ரீஸ் நகருக்குள் நுழைந்த பிறகு, ஈரானியப் பொருள்களும் கைவினைஞர்களும் இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓரிடத்தின் வடிவம் இன்னோரிடத்தில் காணப்படுவதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு.

உருவமும் அதில் நேரும் பெரிய பிழையும்

இப்போது உச்சிக்கு வரலாம். அங்கே காணக்கூடிய உருவங்களுள் முதன்மையானவை பிறை, கை, வாள், நாகத்தைப் போன்ற தலைகள்.

விரித்த கையைத் துருக்கியர் 'பென்ச்சே' என்பர். பாரசீகத்தில் ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச்' என்பதிலிருந்து வந்த 'பஞ்சா'வே இது. ஐந்து விரல்களும் நபிகள் நாயகம், அவர் மகள் ஃபாத்திமா, மருமகன் அலி, பேரர்கள் ஹசன், ஹுசைன் ஆகிய ஐவரையும் குறிப்பதாகக் கொள்வார்கள். ஒரே போர்வைக்குள் நபிகள் இவர்களை அணைத்துக்கொண்டார் என்ற செய்தியின் அடிப்படையில் இவர்களுக்குப் 'போர்வைக்குரியோர்' என்று பெயர். கி.பி. 680இல், இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரியில் 61 முஹர்ரம் 10 அன்று, கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்டார்; அவருடைய கொடியைத் தாங்கிய அப்பாஸ், தண்ணீர் எடுக்கச் சென்றபோது கைகளை இழந்தார் என்பது மரபு. ஆகவே அந்தக் கையை அப்பாஸின் கையாகவும் பலர் காண்கிறார்கள். இவற்றில் ஒன்று சரி, மற்றது தவறு என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. தூக்கிச் செல்பவர் மனத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இரு நாக்குள்ள வாள் துல்ஃபிகார். நபிகள் அலிக்குக் கொடுத்தது என்று மரபு சொல்லும் வாள் இது. 'அலியைப் போல் வீர இளைஞன் இல்லை. துல்ஃபிகாரைப் போல் வாள் இல்லை' என்ற அரபித் தொடர் இதனோடு அடிக்கடி சேர்ந்து வரும்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். அலியின் வாளையும் ஐவரின் கையையும் கண்டவுடன், இது ஷியாக்களுடையது அல்லது பெக்தாஷிகளுடையது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உஸ்மானிய உலகில் இந்த முடிவு நிற்காது. கடற்படைத் தலைவர் ஹைருத்தீன் பார்பரோசா 1546இல் இறந்தார்; அவருடையது என்று இஸ்தான்புல் கடற்படை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கொடிதான் என்றாலும் பாடம் ஒன்றே. அதன் நடுவே பெரிய துல்ஃபிகார் இருக்கிறது. பிடிக்குப் பக்கத்தில் சிறிய கை இருக்கிறது. இரு நாக்குகளுக்கும் இடையில் சுலைமானின் முத்திரை என்னும் அறுகோண நட்சத்திரம் இருக்கிறது. ஆனால் அதே கொடியில் நான்கு பிறைகளுக்குள் அபூபக்கர், உமர், உஸ்மான், அலி என்ற நான்கு கலீஃபாக்களின் பெயர்களும் உள்ளன. முதல் மூவரையும் இப்படிச் சேர்த்துப் போற்றுவது சுன்னி மரபு. வாளும் கையும் அங்கே பேரரசின் வீரச் சின்னங்களாகவே பறந்திருக்கின்றன. ஆயா சோஃபியாவின் உள்ளே தொங்கும் பெரிய வட்டப் பலகைகளிலும் நான்கு கலீஃபாக்களுடன் ஹசன், ஹுசைன் பெயர்கள் இருப்பதைக் காணலாம். நபிகளின் குடும்பத்தின் மீதான அன்பு ஒரு பிரிவாரின் தனிச்சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை.

அப்படியானால் பெக்தாஷிப் பொருளை எப்படி அடையாளம் காண்பது? பெக்தாஷி தரீக்கா 13ஆம் நூற்றாண்டில் அனத்தோலியாவில் வாழ்ந்த ஹாஜி பெக்தாஷ் வலியின் பெயரால் வழங்குவது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலிம் சுல்தான் அதற்கு ஒழுங்கான அமைப்பைத் தந்தார். சுல்தானின் காலாட்படையான யெனிச்செரிகள் ஹாஜி பெக்தாஷைத் தங்கள் ஞானகுருவாகக் கொண்டிருந்தார்கள். இதனால் படைக்கொடியும் தைக்காக் கொடியும் ஒன்றையொன்று தழுவி நின்றன. ஆகவே தனி உருவம் எதையும் சான்றாகக் கொள்ளாமல், பெயர் வரிசையையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'அல்லாஹ், முஹம்மத், அலி' என்ற மூன்று பெயர்கள் மட்டும் ஒன்றாக வருவதும், பன்னிரண்டு இமாம்களின் பெயர்கள் வருவதும், ஏதோ ஒரு வகையில் பன்னிரண்டு என்ற எண் வடிவத்துக்குள்ளேயே பொதிந்திருப்பதும் பெக்தாஷித் தைக்காவை நோக்கிக் கைகாட்டுபவை. அவர்களுடைய ஹுசைனி தாஜ் என்னும் தலையணி பன்னிரண்டு பட்டைகளால் தைக்கப்படுவது. கழுத்தில் அணியும் 'தெஸ்லிம்' கல் பன்னிரண்டு முனைகளுடையது. அவர்களின் கல்லறைக் கற்களின் உச்சியிலும் அதே பன்னிரண்டு பட்டைத் தாஜ்தான் செதுக்கப்பட்டிருக்கும். எனவே அலத்தின் விளிம்பிலுள்ள இதழ்களையும் குமிழின் பட்டைகளையும் விரல் விட்டு எண்ணுங்கள். இதைச் செய்யப் பலரும் வெட்கப்படுகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரு பக்கமும் வெளிப்புறமாக வளைந்து வாய்பிளந்து நிற்கும் தலைகள் 'எஜ்தெர்' எனப்படும் டிராகனுடையவை. சஃபவி அலங்களில் இவை மிகுதி. உஸ்மானிய அலங்களிலும் உண்டு. காவல் காக்கும் உருவங்கள் என்ற அளவில் கொள்ளுங்கள்.

எழுத்தும் அதற்குள் இருக்கும் எண்ணும்

அரபி எழுத்து தெரியாது என்பதால் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். மூன்று சொற்களின் வடிவத்தைப் பழகிக்கொண்டாலே பாதி அலங்களைப் படித்துவிடலாம். 'அல்லாஹ்', 'முஹம்மத்', 'அலி' ஆகிய மூன்றையும் ஒரு தாளில் பலமுறை வரைந்து பாருங்கள். குறிப்பாக 'அலி'யில் வாய் திறந்த கொக்கி போன்ற முதலெழுத்து, நிமிர்ந்த நடுவெழுத்து, வால் நீண்ட கடைசி எழுத்து ஆகியவை இருக்கும். பெக்தாஷிக் கையெழுத்துக் கலையில் அந்தக் கடைசி வாலைப் பின்னோக்கி இழுத்து, நுனியை இரண்டாகப் பிளந்து, துல்ஃபிகாராகவே ஆக்கிவிடுவார்கள். பெயரே வாளாகிவிடும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் போது கிடைக்கும் மகிழ்ச்சியை நான் எத்தனை முறை பெற்றாலும் அது குறைவதில்லை.

அடுத்துக் கண்ணாடி எழுத்து. துருக்கியில் இதற்கு 'முசன்னா' என்று பெயர். இரட்டித்தது என்று பொருள். ஒரு சொல்லை நேராக எழுதி, அதன் எதிரே அதன் பிம்பத்தையும் எழுதி, இரண்டையும் நடுக்கோட்டில் இணைப்பார்கள். சுவரில் மாட்டும் பலகையில் இது அழகுக்காக வருகிறது. ஊடறுத்த அலத்தில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. தகட்டை வெட்டித் திறந்து எழுதிய சொல்லை முன்னால் நிற்பவர் நேராகப் படிப்பார். பின்னால் வருபவருக்கோ அது தலைகீழ் வரிசையில் தெரியும். ஊர்வலத்தில் கொடிக்குப் பின்னால் நடப்பவர்களே மிகுதி. முசன்னாவாக எழுதிவிட்டால் இரு பக்கமும் ஒரே காட்சி. முன்னே நிற்பவருக்கும் பின்னே வருபவருக்கும் அலியின் பெயர் ஒன்றுபோலவே கிடைக்கிறது.

படை அலங்களிலும் கொடிகளிலும் அடிக்கடி வரும் திருமறை வசனம் 61:13. 'அல்லாஹ்விடமிருந்து உதவியும் அண்மையில் வெற்றியும்' என்பது அதன் கருத்து. இது வந்தால் போர்க்களத்தை நினைக்கலாம். ஆயினும் தைக்காவில் இது வராது என்று உறுதி கூற முடியாது.

எழுத்தோடு எண்ணும் கலந்தது 'அப்ஜத்' கணக்கு. ஒவ்வோர் அரபி எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. 'அல்லாஹ்' என்பதன் எழுத்துகளைக் கூட்டினால் 1, 30, 30, 5 ஆக 66 வரும். பிறையைக் குறிக்கும் 'ஹிலால்' என்ற சொல்லும், ட்யூலிப் மலரைக் குறிக்கும் 'லாலே' என்ற சொல்லும் இதே எழுத்துகளின் வேறு அடுக்குகள்தான்; அவற்றின் கூட்டுத்தொகையும் 66. கும்மட்டத்தின் உச்சியில் பிறையையும், ஓடுகளிலும் உலோகத்திலும் லாலே மலரையும் உஸ்மானியர் அத்தனை விரும்பிப் பதித்ததற்கு இந்த ஒற்றுமையையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 'அலி' என்பதன் மதிப்பு 110. இத்தகைய எண் ஈடுபாடு ஹுரூஃபி என்னும் எழுத்து மறைஞானிகள் வழியாகவும் பெக்தாஷிகளிடம் ஆழமாக வேரூன்றியது.

ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

குழலின் மேலோ எழுத்துப்பட்டையின் இடது கடைசியிலோ நான்கு இலக்கங்கள் இருக்கிறதா என்று தேடுங்கள். அரபி இலக்கங்களில் சுழியம் வெறும் புள்ளி. சிறு வட்டமாகத் தெரிவது ஐந்து. இந்த ஒன்றை மாற்றிப் படித்தால் கணக்கே கெட்டுவிடும். எழுத்து வலமிருந்து இடமாகச் சென்றாலும் இலக்கங்களை நம்மைப் போல இடமிருந்தே படிக்க வேண்டும்.

ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். 1241ஐ எடுத்துக்கொண்டால் 1203.8 வருகிறது, 622ஐக் கூட்ட 1825.8. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1825 ஆகஸ்டில் தொடங்கி 1826 ஆகஸ்டில் முடிந்தது. இந்த ஆண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1826 ஜூனில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் யெனிச்செரிப் படையை அழித்தார். அடுத்த சில வாரங்களில் பெக்தாஷி தரீக்காவும் தடைசெய்யப்பட்டது. புதிதாகக் கட்டிய தைக்காக்கள் இடிக்கப்பட்டன. பழையவை வேறு தரீக்காக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஹாஜி பெக்தாஷின் தலைமைத் தைக்காவுக்கே நக்‌ஷபந்தி ஷெய்கு ஒருவர் அமர்த்தப்பட்டார். தாஜ் செதுக்கிய கல்லறைக் கற்களைக்கூட உடைத்தார்கள். ஆகவே பெக்தாஷிச் சாயல் உள்ள ஓர் அலம் 1241க்கு முன்னையதா பின்னையதா என்று அறிவது வெறும் கால ஆராய்ச்சி அன்று. முன்னையது என்றால் அது ஓர் அழிவிலிருந்து தப்பி வந்த பொருள். பின்னையது என்றால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெல்ல மீண்டெழுந்த ஒரு சமூகம் தன் சின்னத்தை மறுபடி செய்துகொண்டிருக்கிறது.

எங்கே போய்ப் பார்ப்பது?

துருக்கிக் குடியரசு 1925இல் எல்லாத் தைக்காக்களையும் மூடியது. அப்போது பொருள்கள் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அங்காராவின் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் தைக்காப் பொருள்கள் உண்டு. நெவ்ஷெஹிர் மாகாணத்தின் ஹாஜிபெக்தாஷ் ஊரிலுள்ள தலைமைத் தைக்கா 1964இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வாய்ப்பு இருந்தால் வேறெங்கும் போவதற்கு முன் அங்கே போங்கள். 'கிர்க்புதாக்' என்னும் பல கிளை விளக்குத்தண்டும், கோடரிகளும், பிச்சைப் பாத்திரங்களும், கல்லறைகளும் அவை புழங்கிய கட்டடத்திலேயே இருக்கின்றன. இஸ்தான்புல்லில் தோப்காபி அரண்மனை, ஹர்பியேயிலுள்ள இராணுவ அருங்காட்சியகம், துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் படை அலங்களுக்கு ஏற்றவை. ஐரோப்பாவில் கார்ல்ஸ்ரூஹே, கிராகோவ் ஆகிய நகரங்களில் உஸ்மானியப் போர்களில் கைப்பற்றிய பொருள்கள் உள்ளன. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியைச் சேர்ந்த ஈரானிய ஊர்வல அலம் ஒன்று இருக்கிறது. உஸ்மானிய அலத்தோடு ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்க அது மிகவும் உதவும்.

கடைவீதியில் விற்கும் அலங்களை வாங்கக் கருதுபவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். முஹர்ரம் ஊர்வலங்களுக்காக இன்றும் பித்தளையிலும் எஃகிலும் அலங்கள் செய்யப்படுகின்றன. அவை வழிபாட்டுக்குரிய நேர்மையான பொருள்களே. அவற்றைப் பழம்பொருள் என்று விற்பதுதான் தவறு. பள்ளங்களிலும் மேடுகளிலும் ஒரே சீராக இருக்கும் பொன்னிறமும், ஆணித்துளை இல்லாத, கம்பு ஒருநாளும் நுழையாத தூய்மையான குழலும் உங்களைத் தயங்க வைக்க வேண்டும்.

ஒவ்வோர் அலத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, குழல், உலோகம், உருவம், எண்ணிக்கை, சொற்கள், ஆண்டு என்ற வரிசையில் கண்டதை மட்டும் முதலில் எழுதுங்கள். பெக்தாஷி, படை, ஈரான் போன்ற ஊகங்களைப் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். கண்ணாடிப் பேழையைச் சுற்றி வர இடமிருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால், பின்புறப் படம் காட்ட முடியுமா என்று அலுவலரிடம் பணிவாகக் கேளுங்கள்.